கடலோரத்தில் மூன்று ராத்திரி

நேயர்களுக்கு வணக்கம்.

கேரவன் என்ற சொல்லை நம்மில் பலர் சினிமாச் செய்திகளில்தான் கேட்டிருப்போம். படப்பிடிப்பு நடக்கும் ஊரில் தெருமுனையில் ஒரு நீளமான வண்டி நிற்கும். உள்ளே யார் என்று பார்க்க ஒரு கூட்டம் நிற்கும். அப்படி ஒரு வண்டி போன தை மாதம் கும்பகோணத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. எதிர்வீட்டுப் பையன் ஓடிவந்து, "தாத்தா, எந்த நடிகர் வந்திருக்கார்?" என்றான். "நான்தான்டா" என்றேன். முகம் சுருங்கிப் போய்விட்டான்.

எனக்கு அறுபது முடிந்து திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி. மகன் வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தான். சடங்கு முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, நானும் மனைவியும் மட்டும் அதே வண்டியில் தரங்கம்பாடிக்குப் போய் மூன்று ராத்திரி தங்க வேண்டும் என்பது அவன் ஏற்பாடு. திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி பத்து கிலோமீட்டர் கூட இல்லை. "பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு வந்து சேரலாமே, தங்குவானேன்?" என்றேன்.

டெல்டாக்காரனுக்குக் கடல் என்றால் அவ்வளவுதான். ஆடி அமாவாசைக்குப் பூம்புகார் போவோம். முழுக்குப் போட்டு, ஈரத்துணியைப் பிழிந்து பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறுவோம். நாகூர், வேளாங்கண்ணி போனாலும் காலை நனைத்துக்கொண்டு திரும்புவோம். காவிரி போய்ச் சேர்கிற கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அறுபது வயது வரை அதன் ஓரத்தில் நான் ஒரு ராத்திரி தூங்கியதில்லை.

வண்டிக்குள் இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு. என் மனைவி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஏங்க, அடுப்புக்கும் கக்கூசுக்கும் நாலடிதானே இருக்கு?" என்றாள். அந்தக் கழிப்பறைக் கதவு மூன்று நாளும் திறக்கப்படவே இல்லை. நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்த இடம் கேட்டிருந்தோம். தோப்பு வீட்டுக் கழிப்பறையே போதும் என்று முடிவாகிவிட்டது.

தோப்பில் கேரவனை நிறுத்துவது ஒரு வித்தை. நிழல் வேண்டும் என்று மரத்தடிக்குப் போனால் தலைக்கு மேல் தேங்காய்க் குலை. வெட்டவெளிக்குப் போனால் மணல். டிரைவர் தம்பி வெட்டவெளிக்குப் போனார், பின்சக்கரம் அரையடி புதைந்தது. டிராக்டர் வந்து இழுத்துவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்து நின்ற வண்டியைச் செங்கல் வைத்து மட்டம் பார்த்தோம். மட்டம் இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும்.

அடுத்து மின்சாரம். மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயர் இழுக்கலாமே என்றார் தம்பி. அது பயிருக்கு என்று அரசு இலவசமாகத் தருகிற மின்சாரம், அதில் ஏ.சி. போட்டுத் தூங்கக் கூடாது. வீட்டு இணைப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, கிளம்பும்போது அதற்கான பணத்தைக் கொடுத்தேன். தண்ணீர்தான் காலை வாரிவிட்டது. முதல் நாளே இரண்டு பேரும் ஆற்றில் குளிக்கிற நினைப்பில் குளித்ததில் தொட்டி காலி. அப்புறம் குடத்தில்தான்.

சரி, கடலுக்கு வருகிறேன். தரங்கம்பாடி என்றால் அலை பாடுகிற ஊர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பழைய கல்வெட்டில் பெயர் சடங்கன்பாடி. அலை பாடுகிறதா என்று முதல் ராத்திரி காது கொடுத்துக் கேட்டேன். பாட்டெல்லாம் இல்லை. கரையரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கிற பாறைகளில் வந்து மோதுகிற சத்தம், கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டையை லாரியில் போடுவது போல, தொம், தொம் என்று. விடிய விடிய மூட்டை ஏற்றினார்கள். இரண்டாம் நாள் அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிவிட்டேன். மனைவிக்குத்தான் பயம் போகவில்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஐ இந்தக் கரையில் யாரும் மறப்பதில்லை. கடலுக்கு முதுகு காட்டித்தான் படுப்பேன் என்று தலையணையை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

காற்றுக்கு ஒரு நேர அட்டவணை இருப்பது தங்கினால்தான் தெரிகிறது. பகலில் தரை சூடாகிவிடுவதால் மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று வரும். ராத்திரியில் தரை சீக்கிரம் ஆறிவிடும், காற்று திரும்பித் தரையிலிருந்து கடலுக்குப் போகும். பாய்மரக் காலத்தில் விடியலில் தரைக்காற்றைப் பிடித்துக் கடலுக்குப் போய், பிற்பகலில் கடல்காற்றோடு கரை சேர்வார்களாம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார். இப்போது எஞ்சின் இருப்பதால் காற்றைக் கேட்க வேண்டியதில்லை. எங்களுக்கு அந்தத் தரைக்காற்று கொண்டுவந்தது வயல்காட்டுக் கொசுவை!

இங்கே ஓசோன் காற்று அதிகம், நெஞ்சுக்கு நல்லது என்று வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மூச்சில் போகிற ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். கடல் வாசனை என்று நாம் இழுத்து அனுபவிப்பதில் பெரும்பங்கு, கடலில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து வருகிற ஒரு கந்தகச் சேர்மத்தின் வாசனை. அது நன்றாகத்தான் இருக்கிறது, ஓசோன் பட்டம் கட்டி அழைக்க வேண்டியதில்லை.

காலை ஆறு மணிக்கு ஃபைபர் படகுகள் கரையேறும். ஏலம் முடிந்ததும் பெண்கள் கூறு கட்டி விற்பார்கள். ஒரு கூறு நெத்திலி வாங்கிவந்து, வண்டியின் சின்ன அடுப்பில் குழம்பு வைத்தாள் மனைவி. வாசனை திரைச்சீலையில் ஏறிவிட்டது. வண்டிக்காரர் அதற்காக முன்பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார், நியாயம்தான்.

ஊர் பார்த்தோமா என்றால், பார்த்தோம், அவசரமில்லாமல். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை. 1845-ல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு ஊரையே விற்றுவிட்டார்கள். 1306-ல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. எனக்குப் பிடித்தவர் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார். 1706-ல் வந்து இறங்கியவர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பழகினார். 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. அச்சடிக்கக் காகிதம் வேண்டுமென்று பொறையாறு பக்கம் ஒரு பட்டறை போட்டார்கள். அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர்.

மத்தியானங்களில் ஒன்றும் செய்யவில்லை. வண்டிக் கதவைத் திறந்து வைத்து, படியில் உட்கார்ந்து தென்னங்கீற்று ஆடுவதைப் பார்த்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், கேஸ் தீர்ந்துபோச்சு, கரண்ட் பில் கட்டணும் என்ற பேச்சு இல்லாமல் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தது அப்போதுதான்.

போக நினைப்பவர்கள் தை, மாசியில் போங்கள். போகிற வழியில் சம்பா அறுத்த வயலில் உளுந்து பச்சைப் பசேலென்று தலைகாட்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, புயல். சித்திரையில் வெயில், அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் விலை எட்டாது.

எழுபது வயதில் பீமரத சாந்தி என்று ஒன்று உண்டு, அதையும் திருக்கடையூரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் மனைவி. அதற்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறதே என்றேன். "வண்டிக்கு இப்பவே சொல்லி வைக்க வேண்டாமா?" என்கிறாள்.

நன்றி, வணக்கம்.