சாம்பல் நிற ஃபில்லிங்கும் அதிலுள்ள பாதரசமும்

நேயர்களுக்கு வணக்கம்.

சொத்தைப் பல்லை அடைக்க நாங்கள் பயன்படுத்தும் அமால்கம் என்ற சாம்பல் நிறக் கலவையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சில்வர் ஃபில்லிங் என்றால் உடனே தெரியும். வெள்ளி, வெள்ளீயம், செம்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். இதைக் கேட்டதும் பலர் பதறிப்போகிறார்கள். "டாக்டர், என் வாயில் நாலு இருக்கே, எல்லாத்தையும் எடுத்துடலாமா?"

வேண்டாம். நன்றாக இருக்கும் ஃபில்லிங்கைத் தொடாதீர்கள்.

கலவை இறுகியதும் பாதரசம் மற்ற உலோகங்களோடு பிணைந்துவிடுகிறது. மெல்லும்போதும், பல்லை நறநறவென்று கடிக்கும்போதும், சூடாக எதையாவது குடிக்கும்போதும் மிகச் சிறிதளவு ஆவியாகிறது. அதை மூச்சோடு இழுத்தால் பெரும்பகுதி ரத்தத்தில் கலக்கும் என்பது உண்மைதான். (உடைந்த துண்டைத் தவறி விழுங்கிவிட்டால் பயப்படத் தேவையில்லை. குடல் அதை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை.) ஆனால் அளவு மிகக் குறைவு. அமெரிக்காவிலும் போர்ச்சுகலிலும் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அமால்கமும் மற்றதற்கு வேறு பொருளும் வைத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். 2006-இல் முடிவுகள் வந்தன. நினைவாற்றல், அறிவுத்திறன் போன்ற சோதனைகளில் சொல்லும்படியான வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

மாறாக, இறுகிய ஃபில்லிங்கை டிரில் வைத்துக் குடையும்போது அந்தச் சூட்டிலும் தூசியிலும்தான் ஆவி அதிகமாகக் கிளம்புகிறது. பயந்து எடுக்கப் போய் பாதரசத்தைக் கூடுதலாக வாங்கிக்கொள்வானேன்? அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் 2020-இல் இதையே சொன்னது. கூடவே, கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள், சிறுநீரகக் கோளாறோ நரம்பு நோயோ உள்ளவர்கள் ஆகியோருக்குப் புதிதாக அமால்கம் வைப்பதை முடிந்தவரை தவிர்க்கவும் சொன்னது. அதுவும் நியாயமே.

இது புதுச் சண்டை இல்லை. 1840-களில் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் ஒன்று, அமால்கத்தைத் தொட மாட்டோம் என்று உறுப்பினர்களிடம் உறுதிமொழி வாங்கியது. 1856-இல் சங்கம் கலைந்தது, அமால்கம் நிலைத்தது.

சரி, அப்படியானால் கவலையே வேண்டாமா? வேண்டும். என்னைக் கேட்டால், வாய்க்குள் இருக்கும் பாதரசத்தைவிட வாயை விட்டு வெளியேறும் பாதரசம்தான் பெரிய பிரச்சினை. குடைந்தெடுத்த துகள்களும் மிஞ்சிய கலவையும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகின்றன. பாதரசம் நீர்நிலையின் சேற்றை அடைந்ததும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற நச்சு வடிவமாக மாற்றுகின்றன. அது சிறு மீன், பெரிய மீன் என்று ஏறஏறச் செறிவு கூடி, கடைசியில் சாப்பிடுகிறவரிடம் வந்து சேர்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிச்சத்துக்கு வந்த நோய்க்கும் மெத்தில் பாதரசமே காரணம். அது பல்லிலிருந்து வந்ததல்ல, தொழிற்சாலைக் கழிவு. ஆனால் மீன் வழியாக மனிதரை அடைந்த பாதை இதுதான். தகனம் செய்யும்போதும் பல்லில் உள்ள பாதரசம் ஆவியாகிப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. சில நாடுகள் அதற்கும் வடிகட்டி வைக்கின்றன.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த, அந்த ஊரின் பெயரால் 2013-இல் உருவான சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை, அமால்கத்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. நார்வேயும் சுவீடனும் அதற்கு முன்பே தடை போட்டிருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், அரிதான மருத்துவத் தேவை தவிர, நிறுத்திவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஜெனீவாவில் கூடிய உடன்படிக்கை நாடுகள் 2034-க்குள் முற்றிலும் கைவிட ஒப்புக்கொண்டன.

மாற்றாகக் காம்போசிட் என்ற பல் நிறப் பிசினும், கிளாஸ் அயனோமர் என்ற கண்ணாடித்தூள் கலந்த பல் சிமெண்டும் இருக்கின்றன. குறையில்லாதவை என்று சொல்ல மாட்டேன். காம்போசிட் வைக்கும்போது பல்லில் ஈரம் பட்டால் ஒட்டாது, நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். கடைவாய்ப் பல்லில் அமால்கம் அளவுக்கு உழைப்பதும் எப்போதும் நடப்பதில்லை.

உங்கள் பழைய ஃபில்லிங் உடைந்து, எடுத்தே ஆக வேண்டும் என்று வந்தால், மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எடுக்கும்போது தண்ணீர் பீய்ச்சி, உறிஞ்சுகுழாயும் வைப்பீர்களா? வெளியே போகும் நீரில் அமால்கத்தைப் பிடித்து நிறுத்தும் பிரிப்பான் உங்கள் கிளினிக்கில் இருக்கிறதா? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. கேட்டால் எங்களில் சிலர் கொஞ்சம் நெளிவோம். பரவாயில்லை, கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.