மாமா டார்ச் அடிச்சுப் புடிச்ச பொய்: எங்க வீட்டுக்கு கோல்ஃப் கார்ட் வந்த கதை

ஹாய் மக்களே, வணக்கம். குரல் கொஞ்சம் கம்மியிருக்கும், கண்டுக்காதீங்க. நேத்து ராத்திரி கத்துனதுல போனது. யார்கிட்ட கத்துனேன்னு சொல்றேன், இருங்க.

ஒருவழியா வண்டி வாங்கிட்டோம். ஆமா, அதேதான். டிஷ்வாஷர் வீடியோல இருந்து "அக்கா, கோல்ஃப் கார்ட் எப்போ, கோல்ஃப் கார்ட் எப்போ"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல, இதோ பாருங்க, கோல்ஃப் மைதானத்துல ஓட்டுற அந்தக் குட்டி வண்டி, கராஜ்ல நிக்குது. கலர் பத்தி யாரும் எதுவும் சொல்லக்கூடாது. அந்தப் பச்சை எனக்கும் புடிக்கலை.

புதுசா பாக்குறவங்களுக்கு மட்டும் ஒரு வரி. நாங்க இருக்குறது ஜார்ஜியால பீச்ட்ரீ சிட்டி, அட்லாண்டாவுக்குத் தெக்க. இங்க கார் ரோடு போக, மரத்துக்கு நடுவுல 100 மைலுக்கு மேல தனிப் பாதை போட்டு வச்சிருக்காங்க. கடை, ஏரிக்கரை, ஸ்கூல், எல்லாத்துக்கும் கோல்ஃப் கார்ட்லயே போயிடலாம். ஊர்ல மொத்தமே 38,000 பேருதான், ஆனா பதிவான வண்டி மட்டும் 10,000 தாண்டுது. ஹைஸ்கூல்ல பசங்க கோல்ஃப் கார்ட் நிறுத்தவே தனி இடம் இருக்கு. கோல்ஃப் ஆடத் தெரியுமான்னு கேக்காதீங்க. எங்க தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கேஸா, எலக்ட்ரிக்கா? இந்த ஒரு கேள்வியில எங்க வீடு ரெண்டு மாசம் ரெண்டு கட்சியா இருந்துச்சு. இவரு கேஸ் கட்சி. நான் எலக்ட்ரிக். அத்தை மாமா ஊர்ல இருந்து வந்திருக்காங்கல்ல, அத்தை எதுவா இருந்தாலும் "பேட்டரி கார்"னுதான் சொல்வாங்க. ஸ்ரீரங்கம் கோயில்ல வயசானவங்களை ஏத்திக்கிட்டுப் போகுமே, அது. மாமாகிட்ட "கேஸ் வண்டி"ன்னு சொன்னதும், "சிலிண்டரை எங்கம்மா மாட்டுவான்?"னு கேட்டாரு. இங்க பெட்ரோலுக்குப் பேரே கேஸ்னு புரிய வைக்க ஒரு சாயங்காலம் ஆச்சு.

முதல்ல ஒரு கேஸ் வண்டிதான் பாத்தோம். 5,500 டாலர் சொன்னாங்க. நேர்மையா சொல்லணும்னா நல்ல வண்டிதான். சாவியத் திருப்பினா இன்ஜின் ஓடாது. ஆக்சிலரேட்டரை மிதிச்சாதான் ஸ்டார்ட் ஆகும், காலை எடுத்தா நின்னுடும். உள்ள ஒரே ஒரு சிலிண்டர், பெல்ட்டுல ஓடுற கியர். நம்ம ஊரு ஸ்கூட்டி இருக்குல்ல, அதுக்கு நாலு சக்கரம் மாட்டி கூரை போட்டா எப்படி, அதான். அஞ்சு கேலன் ஊத்துனா நூறு மைலுக்கு மேல போவும்னாரு விக்குறவரு. மேட்டுல சும்மா இழுத்துக்கிட்டுப் போச்சு. இவரு முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

ஆனா அத்தை உக்காந்தது பின் சீட்டுல. அந்தப் பின்பக்கம் பாத்து உக்கார்ற சீட்டு. புகை நேரா அங்கதான் வருது. ஹைவேக்கு அடியில போற சுரங்கப்பாதை ஒண்ணுல நுழைஞ்சோம் பாருங்க, டப டப டபன்னு சத்தம், புகை, எல்லாம் ஒண்ணா. இறங்குன உடனே அத்தை தலையைப் புடிச்சுக்கிட்டு, "இதுக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஆட்டோ பின்னாடியே நடந்து போலாமேடா"ன்னாங்க. கேஸ் கட்சிக்கு டெபாசிட் போச்சு.

இன்னொண்ணு எனக்கு ஆகாதது, இங்க பங்க்ல வர்ற பெட்ரோல்ல பத்து பர்சென்ட் எத்தனால் இருக்கு. வண்டியை ரெண்டு மூணு மாசம் தொடாம விட்டா பெட்ரோல் கெட்டுப்போயி, பழைய கார்புரேட்டர் வண்டின்னா உள்ள பிசின் மாதிரி அடைச்சுக்கும். நாங்க டிசம்பர்ல ஊருக்கு வந்தா ரெண்டு மாசம் வண்டி சும்மா நிக்கும். அதுக்கு மேல ஆயில் மாத்தணும், பெல்ட் பாக்கணும், ஃபில்டர் பாக்கணும். இவரு லானுக்குப் புல் வெட்டுற மெஷினுக்கே ஆயில் மாத்துனது இல்லை. அந்த வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும்.

அப்புறம் வந்துச்சு எலக்ட்ரிக். பழசு. 3,800 டாலர். விக்குறவரு ரொம்ப மரியாதையா, "பேட்டரி எல்லாம் ரெண்டு வருஷம்தான் ஆச்சு"ன்னாரு. நான் சரின்னு தலையாட்டிட்டேன். மாமா ஆட்டலை. உங்களுக்குத்தான் தெரியுமே, மாமா ஈ.பி.ல முப்பத்திரண்டு வருஷம் இருந்தவரு. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை மூணாவது புள்ளை மாதிரி பாத்துக்குறவரு. சீட்டைத் தூக்கச் சொன்னாரு. உள்ள எட்டு வோல்ட் பேட்டரி ஆறு, வரிசையா. செல்போன் டார்ச்சை அடிச்சு ஒவ்வொரு டெர்மினலாப் பாத்தாரு. அந்த ஈயத்துலயே ஒரு எழுத்தும் ஒரு நம்பரும் குத்தியிருப்பாங்க. எழுத்து மாசம், "ஏ"ன்னா ஜனவரி, "பி"ன்னா பிப்ரவரி, இப்படி. நம்பர் வருஷத்தோட கடைசி இலக்கம். இது எனக்கு முன்னாடியே தெரியும், ராத்திரி பூரா படிச்சு வச்சிருந்தேன், ஆனா அங்க நின்னப்போ மறந்துபோச்சு. மாமா "பி எட்டுன்னு போட்டிருக்கும்மா"ன்னாரு பாருங்க, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. 2018 பிப்ரவரி! ஆறுலயும் பி எட்டு! இந்த மாதிரி ஈய பேட்டரி நல்லாப் பாத்துக்கிட்டாலே அஞ்சாறு வருஷம்தான்.

சும்மா விட்டாரா? கையோட கொண்டுபோன மல்டிமீட்டரை வச்சாரு. நாற்பத்தெட்டு வோல்ட் வண்டி, நல்லா சார்ஜ் ஏறி ஓய்வா நிக்கும்போது கிட்டத்தட்ட ஐம்பத்தொண்ணு காட்டணும். இது நாற்பத்தெட்டையே எட்டலை. பெடலை மிதிக்கச் சொன்னாரு, ஒரு பேட்டரி மட்டும் பொத்துன்னு ஆறு வோல்ட்டுக்கு விழுந்துச்சு. தண்ணி வத்தி தகடு வெளியில தெரியுது. "பாவி, தண்ணியே ஊத்தலை"ன்னு தமிழ்லயே திட்டுனாரு. விக்குறவருக்கு எப்படியோ புரிஞ்சிருக்கும்.

இப்போ என் டேர்ன். காந்தி மார்க்கெட்ல அரைக் கிலோ கத்திரிக்காய்க்கு மூணு கடை ஏறி இறங்குன வம்சம் இது. விக்குறவரு 3,800ல ஆரம்பிச்சாரு. நான் செத்த பேட்டரியைக் காட்டி 2,500ன்னேன். அவரு 3,500. நான் பேசாம கார் பக்கம் நடந்தேன். 3,200. இவரு என் கையைப் புடிச்சு "போதும், வாங்கிடலாம்"ங்குறாரு, நான் காலை மிதிச்சேன். 2,900க்கு முடிஞ்சுது. தொள்ளாயிரம் டாலர் மக்களே! ரெண்டு எழுத்துக்கு! பி, எட்டு!

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். இந்த வண்டி கம்பெனிங்க மூணு பெரிசு இருக்குல்ல, ஈஸி கோ, கிளப் கார், யமஹா, மூணுமே ஜார்ஜியாலயேதான் வண்டி செய்றாங்க. ஈஸி கோ 1954ல இருந்து அகஸ்டால. கிளப் கார் பக்கத்துலயே எவன்ஸ்ல. யமஹா நம்ம வீட்டுல இருந்து அடுத்த கவுண்டி, நியூனன். அதனால பழைய வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காதோன்னு பயப்பட வேண்டாம்.

பேட்டரிக்கு வர்றேன். திரும்ப ஈய பேட்டரியே போடலாம்னாரு மாமா. எனக்கு அந்த டிஸ்டில்ட் வாட்டர் ஜோலியே வேண்டாம். இங்க ஒரு கேலன் ஒண்ணரை டாலர்னு பாத்த உடனே, ஊர்ல மாதிரி ஏசி தண்ணியைப் புடிச்சு வைக்கிறேன்னு வாளியோட கிளம்பிட்டாரு. வேண்டவே வேண்டாம்னு லித்தியம் போட்டோம். சார்ஜரோட சேத்து 1,850. பழைய சார்ஜரை இதுக்குப் போடவே கூடாது, லித்தியத்துக்குன்னு இருக்குறதுதான் வாங்கணும், நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. பழைய ஆறு பேட்டரியும் சேந்து 170 கிலோ. புதுசு ஒரே பெட்டி, ஐம்பது கிலோகூட இல்லை. வண்டி கன்னுக்குட்டி மாதிரி துள்ளுது. ஃபுல் சார்ஜுக்கு மாமா கணக்குல அஞ்சரை, ஆறு யூனிட். எங்க பில்லுல ஒரு டாலர்கூட ஆகாது. நேத்து வரைக்கும் 22 மைல் ஓட்டியிருக்கோம், இன்னும் பாதி இருக்கு. ஆக மொத்தம் 4,750. அந்தக் கேஸ் வண்டியைவிடக் கம்மி, இதை இவருகிட்ட தினம் ஒருவாட்டி சொல்றேன்.

இப்போ அந்தக் கத்துனது. நேத்து எல்லாரும் ஏரிக்கரைக்குப் போனோம். இருட்டிடுச்சு. லைட்டைப் போட்டா எரியலை. ஹாரனும் இல்லை. என்னன்னா, பழைய வண்டியில ரெண்டே ரெண்டு பேட்டரில இருந்து தனியா ஒயர் இழுத்து லைட்டுக்குக் கொடுத்திருந்திருக்காங்க. இப்போ இருக்குறது ஒரே பெட்டி, நாற்பத்தெட்டு வோல்ட், அதுல எங்க இருந்து பன்னெண்டு வோல்ட் எடுக்குறது? ரிட்யூசர்னு சின்னப் பெட்டி ஒண்ணு வாங்கி நடுவுல மாட்டணும். பேட்டரி மாட்டுன அன்னைக்கே மாமா சொன்னாராம். யார்கிட்ட? இவருகிட்ட. இவரு ஆர்டர் பண்ணிட்டேன்னு சொல்லி, ஆன்லைன் ஷாப்பிங் கார்ட்ல போட்டு வச்சுட்டு பணம் கட்ட மறந்துட்டாரு. முன் சீட்டுல மாமா டார்ச் புடிக்க, பின் சீட்டுல அத்தை இன்னொரு போனைத் திருப்பிப் புடிக்க, நடை வேகத்துல வீடு வந்து சேந்தோம். வழியெல்லாம் நான் கத்திக்கிட்டே வந்தேன். அத்தை மட்டும் சந்தோஷமா, "புகையே இல்லைல்ல"ன்னாங்க.

நாற்பது டாலர் ரிட்யூசர். அப்போ 4,790ன்னு திருத்திக்கோங்க.

ஏக்கர் கணக்குல தோட்டம் வச்சிருக்கவங்க, கராஜ்ல பிளக் பாயின்ட்டே இல்லாம அபார்ட்மென்ட்ல இருக்கவங்க, நீங்க கேஸே வாங்கிக்கோங்க, நான் சண்டைக்கு வரலை. பின் சீட்டுல மாமியாரை மட்டும் உக்கார வைக்காதீங்க.

மாமாதான் ரெண்டு நாளா கொஞ்சம் டல்லா இருக்காரு. தண்ணி ஊத்துற வேலை இல்லைல்ல. காலையில எழுந்ததும் மல்டிமீட்டரோட கராஜுக்குப் போயி, அந்தப் பெட்டியில வச்சுப் பாத்து நோட்டுல எழுதுறாரு. இருங்க... என்ன மாமா? ஐம்பத்திரண்டு புள்ளி எட்டா? சரி மாமா, எழுதிக்கோங்க. ஏசிக்குக் கீழ வாளி வச்சிருக்கீங்களா என்ன? எதுக்கு மாமா?