அந்தப் பையனை வெளியே கூப்பிடாதீர்கள்

(மாவட்ட இளையோர் கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். விழாத் தலைவர் ஐயா அவர்களுக்கும், வேறொரு திறப்பு விழாவைச் சுருக்கமாக முடித்துவிட்டு ஓடி வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களுக்கும், வருடம் தவறாமல் கோப்பை வாங்கித் தரும் அரிசி ஆலை அண்ணாச்சி அவர்களுக்கும் வணக்கம். அண்ணாச்சி இந்த வருடம் கோப்பையோடு கோல் வலையும் வாங்கித் தந்திருக்கிறார். அதற்குத் தனியாக ஒரு கைதட்டல் கொடுங்கள். யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும். போன வருடம் நான் விட்டுவிட்ட ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மூன்று விஷயம் குறித்து வந்தேன். ஒன்று, தோற்கிற அணியில் ஃபார்வர்டு, அதாவது முன்னால் நின்று கோல் அடிக்கிற இடத்தில், ஆடும் சின்னப் பையன்கள். இரண்டு, பெற்றோர். மூன்று, சாப்பாடு.

என் பாட்டி அடிக்கடி சொல்லுவார்: ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லையா? நாம் ஆக்கவே பொறுப்பதில்லை. நேற்று அரையிறுதியில் ஒரு ஃபார்வர்டு பையன் கோலிக்கு, அதாவது கோல்கீப்பருக்கு, நேர் எதிரே நின்று பந்தை வானத்துக்கு அடித்தான். அடித்ததும் பந்து போன திசையைப் பார்க்கவில்லை. லைனுக்கு வெளியே நின்ற கோச்சைத்தான் பார்த்தான். இரண்டு நிமிடத்தில் வெளியே கூப்பிட்டாயிற்று. அதே அணியில் பின்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் இரண்டு கோலுக்கு வழி விட்டவர். அவர் கடைசி விசில் வரை ஆடினார்.

தோற்கிற அணியில் ஃபார்வர்டு நிலைமை என்ன? ஆட்டத்துக்கு நாலு தடவைதான் பந்து அவனிடம் வரும். அதில் மூன்று தலைக்கு மேலே போய்விடும். மிச்சம் ஒன்றை வைத்து அவனுக்குத் தீர்ப்பு எழுதுகிறோம். நடுக்களத்தில் பாஸ் போடத் தெரியாத குற்றமும் அவன் தலையில்தான்.

லாலியன்சுவாலா சாங்டே பேரைச் சொன்னால் பையன்களுக்குத் தெரியும். மிசோரம்காரர். 2015 கடைசியில் திருவனந்தபுரத்தில் நேபாளத்துக்கு எதிராக இந்தியாவுக்கு இரண்டு கோல் அடித்தபோது வயது 18. அப்புறம் நம் சென்னையின் எஃப்சிக்கு வந்தார். வேகம் இருந்தது, வீணான வாய்ப்புகளும் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் திட்டியதை என் காதால் கேட்டிருக்கிறேன். நானும் கொஞ்சம் திட்டினேன். மும்பை சிட்டிக்குப் போனார். 2022-23இல் நாட்டின் சிறந்த வீரர் விருது வாங்கினார். முதல் கோலுக்கும் விருதுக்கும் நடுவே ஏழு வருடம்! ஆக்கினது நாம், சாப்பிட்டது மும்பை.

நாட்டு அணியைப் பாருங்கள். சுனில் சேத்ரி 94 கோலோடு 2024 ஜூனில் கொல்கத்தாவில் விடைபெற்றார். அந்த வருடம் முழுக்க இந்தியா ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. 2025 மார்ச்சில், 40 வயதில், அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக அவர் தலையால் முட்டி 95ஆவது கோலை அடித்தார். அவருக்குப் பெருமை, நமக்கு வெட்கம். கிளப்புகளில் கோல் அடிக்கிற இடம் பெரும்பாலும் வெளிநாட்டவருக்கு. நம் பையன் விங்கில், மைதானத்தின் ஓரமாக, ஓடுவான், இல்லையென்றால் பெஞ்சில் இருப்பான். 2018-19 ஐ-லீக் கிளப் போட்டியை ஜெயித்த நம் சென்னை சிட்டிக்குக்கூட 21 கோல் அடித்தவர் வெளிநாட்டவரான பெத்ரோ மான்சிதான். அவர்மேல் குறை இல்லை, அருமையான ஆட்டக்காரர்.

சரி, ஒரு கதை. பல வருடம் முன்பு ஒரு பள்ளி அணியைப் பழக்கிக்கொண்டிருந்தேன். முதல் ஆட்டம் ஐந்துக்குப் பூஜ்யம், இரண்டாவது நாலுக்குப் பூஜ்யம். முன்னேற்றம் தெரிகிறது பாருங்கள்! சென்டர் ஃபார்வர்டு ஒல்லியான பையன். சித்தப்பாவின் பூட்ஸ், இரண்டு சைஸ் பெரியது. தினத்தாளைச் சுருட்டி உள்ளே திணித்துக்கொள்வான். மூன்றாவது ஆட்டத்தில் கோல் முன்னால் தனியாக மாட்டினான். ஓங்கி ஒரு உதை. பந்து கொடிக்கம்பத்துப் பக்கம் போனது. பூட்ஸ் நேராகக் கோலுக்குப் போனது. அந்தக் கோலி, பாவம், பாய்ந்து பூட்ஸைப் பிடித்துவிட்டான்! மைதானமே சிரித்தது. ரெஃபரி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். தினத்தாள் மட்டும் பெனால்டி ஏரியா முழுக்கப் பறந்தது, விளையாட்டுப் பக்கம்தான்.

அன்று சாயங்காலமே அவனைத் தூக்கச் சொல்லி எனக்குச் செய்தி வந்தது. நான் பாட்டி சொன்னதைச் சொன்னேன், ஆக்கப் பொறுத்தவனுக்கு என்று. இன்னும் ஐந்து ஆட்டம் வைத்திருந்தேன். நாலில் கோல் இல்லை. ஐந்தாவதில் அவன் முதுகில் பட்டு ஒரு கோல் போனது. அவன் அழுதான். அதற்குப் பிறகு காலாலும் அடித்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பின்னாளில் அவன் இடது பக்கம் தடுத்தாடும் லெஃப்ட் பேக்காக ஆடித்தான் பெயர் வாங்கினான். ஆனால் எதிரணி ஃபார்வர்டு எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவனுக்குத் தெரியும்.

அந்த மைதானம் இப்போது என்ன தெரியுமா? பாதி வண்டி நிறுத்துமிடம். மிச்சப் பாதிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டு. பள்ளி முடிவது நாலரை, டியூஷன் முடிவது ஆறு. பையன் எப்போது கோல் அடித்துப் பழகுவான்? நாம் பொறுமையாக இருந்து என்ன பயன், அடுப்பே இல்லாமல் ஆக்கச் சொன்னால்? நகர்மன்றத் தலைவர் அம்மா மேடையிலேயே இருப்பதால் கேட்டுவிடுகிறேன்: எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும், நாலு விளக்கு வேண்டும். கம்பம் ஏற்கெனவே இருக்கிறது அம்மா, பல்புதான் இல்லை.

தலைவர் ஐயா சீட்டு அனுப்பிவிட்டார். பெற்றோர், சாப்பாடு இரண்டும் அடுத்த வருடம். மைதானத்துக்கும் விளக்குக்குமான மனு நோட்டு கோப்பை மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், போன தடவை மூன்று பேனா காணாமல் போனது.