ஃபயர்பாக்ஸில் தமிழ் வந்துவிட்டது மக்களே!

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்குத் தமிழ் சப்டைட்டில் எங்கே என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். அதற்குக் காரணமாக இருந்த கோளாறு இப்போதுதான், பத்து நிமிடம் முன்னால்தான் சரியானது. மணி இரவு ஒன்றே முக்கால். விடியும்வரை பொறுக்க மனசு வரவில்லை, கேமராவை எடுத்து வைத்துவிட்டேன்.

என் பழைய லேப்டாப் உங்களுக்குத் தெரியும், லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஆர்ச், அதன்மேல் கேடிஈ குழுவின் பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப். அதை மாதக்கணக்கில் அப்டேட் செய்யாமல் வைத்திருந்தேன். போன வாரம் மொத்தமாக அப்டேட் போட்டு ரீபூட் செய்தால், லாகின் திரையில் எக்ஸ்11 செஷனைக் காணோம் (திரையில் ஜன்னல்களைக் காட்டும் பழைய முறை அது), அதன் இடத்துக்கு வந்த புதிய முறையான வேலண்ட் மட்டும் இருக்கிறது. 2025 ஜூனில் வந்த பிளாஸ்மா 6.4-லிருந்து ஆர்ச்சில் எக்ஸ்11 செஷன் தனிப் பேக்கேஜ். ஆர்ச் தளத்திலேயே அறிவித்திருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை. அந்தப் பேக்கேஜை இறக்கினால் பழையபடி வந்துவிடும். ஆனால் 6.8-ல் எக்ஸ்11 செஷனே இருக்காது என்று கேடிஈ சொல்லியாகிவிட்டது, எப்படியும் ஒருநாள் மாறத்தான் வேண்டும், அது இன்றைக்கே இருக்கட்டும் என்று வேலண்டுக்குள் போய்விட்டேன்.

திரை அருமை. ஸ்க்ரோல் செய்தால் வெண்ணெய். அதையெல்லாம் இன்னொரு நாள் பேசலாம், எனக்கு முதலில் தமிழ் அடிக்க வேண்டும்.

நான் தமிழ்99 கீபோர்டு முறையில் அடிக்கிற ஆள், தெரியும்தானே. ஆங்கில எழுத்தைத் தட்டி அது தமிழாக மாறும் முறை எனக்கு ஒத்தே வராது, தமிழை நினைக்கும்போது மனசுக்குள் ஏன் ஆங்கில எழுத்து ஓட வேண்டும்? தமிழ்99-ல் உயிர் எல்லாம் இடது கையில், மெய்வரிசை பெரும்பாலும் வலது கையில். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 1999-லேயே எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்! கீபோர்டு லேஅவுட் பட்டியலிலேயே தமிழ்99 இருக்கிறதே என்று கமெண்டில் ஒரு தம்பி கேட்டிருந்தார். இருக்கிறது தம்பி, ஆனால் அதற்கு முந்தைய எழுத்து என்ன என்று தெரியாது, இந்தப் புள்ளி விழாது. அதற்குத்தான் எம்17என் வேண்டும், முந்தைய எழுத்தையும் சேர்த்துப் பார்த்துத் தமிழாக்கும் மென்பொருள் அது.

முன்னால் தமிழ் அடிக்க ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளை வைத்திருந்தேன். இந்த முறை அதே வேலையைச் செய்யும் ஃப்சிடிக்ஸ்5, அதோடு அதை எம்17என்-உடன் இணைக்கும் ஃப்சிடிக்ஸ்5-எம்17என், இரண்டையும் இறக்கினேன். ஐபஸை நீக்கவில்லை, தானாக ஓடாமல் நிறுத்தி மட்டும் வைத்தேன். வேலண்டில் ஃப்சிடிக்ஸை, பிளாஸ்மாவின் ஜன்னல்களை நிர்வகிக்கும் கேவின்தான் கிளப்ப வேண்டும், அதற்கான இடம் சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதற்குள் வர்ச்சுவல் கீபோர்டு. இந்தப் பெயர் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. தொடுதிரையில் விரலால் அடிக்கிறவர்களுக்கானது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அதை யார் திறந்து பார்ப்பார்கள்? சரி, அங்கே போய் ஃப்சிடிக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். கேட் எடிட்டரைத் திறந்தேன், தமிழுக்கு மாற கன்ட்ரோல்-ஸ்பேஸ், அ, ம, ம, ஆ. அம்மா வந்தாள்.

ஃபயர்பாக்ஸுக்குப் போனால் வரவில்லை! அ-வைத் தட்டினால் ஆங்கில ஏ. கேட்டில் வருகிறது, கட்டளை அடிக்கும் கான்சோலில் வருகிறது, ஃபயர்பாக்ஸில் மட்டும் இல்லை. நான் சப்டைட்டில் அடிப்பதே அதில்தான். இரண்டு இரவு மக்களே. ஃபயர்பாக்ஸைப் புது ப்ரொஃபைலில் திறந்தேன், ஃப்சிடிக்ஸைக் கழற்றி மறுபடி போட்டேன், எம்17என்-ஐயும் சந்தேகப்பட்டேன். கடைசியில் இன்றைக்கு, ஜிடிகே என்ற கருவித்தொகுப்பில் எழுதிய மென்பொருள்கள் எந்த உள்ளீட்டு மென்பொருளைத் தேடுகின்றன என்று பார்க்க, கான்சோலில் எக்கோ டாலர் ஜிடிகே_ஐஎம்_மாட்யூல் என்று அடித்து என்டர் தட்டினேன். திரையில் ஒரே சொல்: ஐபஸ்.

அந்தச் சொல்லைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஐபஸ் வீடியோவில், மென்பொருள்கள் ஐபஸைத் தேடும்படி ஈடிசி என்விரான்மென்ட் ஃபைலில் மூன்று வரி எழுதச் சொல்லியிருந்தேன் அல்லவா, ஜிடிகேவுக்கு ஒன்று, அதுபோன்ற இன்னொரு கருவித்தொகுப்பான க்யூடிக்கு ஒன்று, எக்ஸ்11 மென்பொருள்களுக்கு எக்ஸ்மாடிஃபையர்ஸ் என்று ஒன்று? ஃப்சிடிக்ஸுக்கு மாறும்போது அந்த வரிகளுக்கு முன்னால் # போட்டு முடக்கினேன். ஃபைலைத் திறந்து பார்க்கிறேன், இரண்டாவது வரிக்கு # இருக்கிறது, மூன்றாவதுக்கு இருக்கிறது, முதல் வரிக்கு இல்லை. கேட் க்யூடியில் எழுதியது, அதனால் தப்பித்தது. ஃபயர்பாக்ஸ் ஜிடிகே. ஓடாத ஐபஸின் வாசலில் போய் நின்றுகொண்டிருந்திருக்கிறது, பாவம்.

# போட்டேன். ஃபயர்பாக்ஸை மூடித் திறந்தேன், அப்போதும் வரவில்லை. பதறவில்லை, அந்த ஃபைலை லாகின் ஆகும்போதுதான் படிக்கும். லாக்அவுட், லாகின், ஃபயர்பாக்ஸ், அ ம ம ஆ... வந்தது மக்களே! சத்தம் போட்டதில் பக்கத்து அறையில் லைட் எரிந்துவிட்டது.

ஆகவே என் பழைய வீடியோவைப் பார்த்து அந்த மூன்று வரியை எழுதியவர்கள், பிளாஸ்மா வேலண்டுக்கு வந்திருந்தால் ஜிடிகே, க்யூடி இரண்டையும் எடுத்துவிடுங்கள். அந்த வீடியோவின் கீழேயும் இப்போதே எழுதிவைக்கிறேன்.

ஐயோ, மூன்றாவது வரியை மறந்தேனே. எக்ஸ்மாடிஃபையர்ஸை எடுக்காதீர்கள், @ஐஎம்=ஃப்சிடிக்ஸ் என்று மாற்றி வையுங்கள், எக்ஸ்11-க்கு எழுதியவற்றை வேலண்டுக்குள் ஓட்டும் எக்ஸ்வேலண்டில் ஓடும் பழைய மென்பொருள்களுக்கு அது வேண்டும். அப்புறம் குரோமியம் பிரவுசர் வைத்திருப்பவர்கள், வேலண்டில் அது தமிழ் எடுக்கவில்லை என்றால் குரோமியம்-ஃப்ளாக்ஸ் ஃபைலில் இனேபிள்-வேலண்ட்-ஐஎம்இ என்ற வரியைச் சேருங்கள், முன்னால் இரண்டு கோடு போட்டு.

சரி, நான் போய் சப்டைட்டிலை உட்கார்ந்து அடிக்கிறேன். காலையில் எழுந்து பாருங்கள், இருக்கும்.