பல்லின் மேல் விழுந்த பழி

எல்லோருக்கும் வணக்கம். மடியில் குழந்தையோடு வந்திருப்பவர்கள், குழந்தை அழுதால் எழுந்து வெளியே போக வேண்டாம். அழட்டும். குழந்தைகளைப் பற்றிப் பேசுகிற இடத்தில் அவர்கள் சத்தம் இல்லாமல் இருந்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும்.

குழந்தை மருத்துவராக இத்தனை வருடங்களில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: "பல் முளைக்குது டாக்டர், அதான் காய்ச்சல்." இதைச் சொல்லும் பெற்றோர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஏனென்றால் இதே வாக்கியத்தை ஒரு தாயிடம் நானே சொல்லியிருக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒன்பது மாத ஆண் குழந்தை, மூன்று நாளாகக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. காதைப் பார்த்தேன், தொண்டையைப் பார்த்தேன், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியாகக் கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்த்தேன். ஈறு சற்றுப் புடைத்து, அதன் அடியில் நகக்கீற்று மாதிரி வெள்ளையாக ஒரு கோடு. அவனுடைய முதல் பல். எனக்கு அப்பாடா என்று இருந்தது. "பல் வருதும்மா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன். கூட வந்திருந்த பாட்டி, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று மகளைப் பார்த்தார். மூவருமே நிம்மதியாகப் பிரிந்தோம்.

இரண்டு நாள் கழித்துக் குழந்தை திரும்பி வந்தது. காய்ச்சல் விடவில்லை, பால் குடிக்கவில்லை, குடித்த கொஞ்சத்தையும் வாந்தி எடுத்தது. அன்று பணியில் இருந்த மூத்த மருத்துவர் பல்லைப் பார்க்கவே இல்லை. "யூரின் பார்த்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. எடுத்த சிறுநீர் கலங்கலாக இருந்தது. சிறுநீர்த் தொற்று; சிறுநீரகம் வரை ஏறியிருந்தது.

குழந்தை பிழைத்துக்கொண்டான். ஆனால் ஐந்து நாள் காய்ச்சலில் இரண்டு நாள் நான் கொடுத்தது. அந்த இரண்டு நாளும் யாரும் எதையும் தேடவில்லை. பல் என்று பெயர் வைத்தாகிவிட்டது, இனி எதைத் தேடுவது? இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். பல் காய்ச்சலைத் தருவதில்லை என்பதோடு விஷயம் முடிந்தால் இவ்வளவு பேச வேண்டாம். 'பல்' என்று சொன்னதும் நாம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். அங்கேதான் ஆபத்து.

சரி, பல்லுக்கும் காய்ச்சலுக்கும் முடிச்சுப் போட்டவர்கள் யார்? இது நேற்றுத் தொடங்கியது இல்லை. சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டிஸ் பெயரால் வந்த மருத்துவக் குறிப்புகளிலேயே பல் முளைக்கும் குழந்தைக்கு ஈறு அரிப்பு, காய்ச்சல், வலிப்பு, வயிற்றுப்போக்கு வரும் என்று எழுதியிருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே, பல் வெளியே வர வழிசெய்ய ஈறைக் கீறிவிடச் சொன்னார். அந்தக் கீறல் வைத்தியம் 20-ஆம் நூற்றாண்டு வரை நடந்தது. எத்தனை குழந்தைகளின் வாயில் சுத்தமில்லாத கத்தி பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1839-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் 5,016 இறப்புகளுக்கு 'பல் முளைத்தல்' என்று காரணம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் மூளைக்காய்ச்சலிலோ நிமோனியாவிலோ வயிற்றுப்போக்கிலோ போயிருப்பார்கள். கிருமியால் நோய் வரும் என்பதையே அறியாத காலம். கண்ணுக்குத் தெரிந்தது பல்தான்; பழி அதன் மேல் விழுந்தது.

இதில் என்னை மிகவும் உலுக்குவது பல் பொடியின் கதை. பல் துலக்கும் பொடி இல்லை, பல் முளைக்கும் குழந்தைக்கு நாக்கில் தடவும் பொடி. கலோமெல் என்ற பாதரச உப்பு அதில் இருந்தது. அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு ஒரு புரியாத நோய் வந்தது: கை கால் ரோஜா நிறத்தில் சிவந்து தோல் உரியும், வெளிச்சம் பார்க்க முடியாது, இரவும் பகலும் சிணுங்கிக்கொண்டே இருக்கும். 'பிங்க் நோய்' என்றார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1939 முதல் 1948 வரை 585 குழந்தைகள் இதில் இறந்தார்கள். அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதை ஜோசப் வார்க்கனி என்ற மருத்துவர் 1940-களில் கண்டுபிடித்தார். பிரிட்டனில் 1954-இல் பல் பொடிகளிலிருந்து கலோமெலை நீக்கினார்கள்; நோயும் மறைந்துபோனது. இல்லாத வியாதிக்குக் கொடுத்த மருந்து உண்மையான வியாதியானது.

"அதெல்லாம் அந்தக் காலம். என் பிள்ளைக்கு ஒவ்வொரு பல் வரும்போதும் காய்ச்சல் வந்ததை நான் கண்ணால் பார்த்தேனே" என்று பாட்டிமார் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். நீங்கள் பார்த்தது பொய் இல்லை பாட்டி. பல்லும் வந்தது, காய்ச்சலும் வந்தது. இரண்டும் ஏன் சேர்ந்து வருகின்றன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

குழந்தை பிறக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்களை நஞ்சுக்கொடி வழியாக வாங்கிக்கொண்டு வருகிறது. அது ஒரு சேமிப்பு. மாதங்கள் போகப் போகக் கரைந்து, ஆறு மாத வாக்கில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். குழந்தை சொந்தமாகத் தயாரிக்கும் எதிர்ப்புச் சக்தி அப்போதுதான் மெல்ல வளர்ந்துகொண்டிருக்கும். அதே ஆறு மாத வாக்கில்தான் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கீழ் முன்பல் எட்டிப் பார்க்கிறது. அதே சமயத்தில்தான் குழந்தை தவழத் தொடங்கி, கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் வாயில் வைக்கிறது. காப்பு குறையும் நேரம், கிருமி அதிகம் போகும் நேரம், பல் முளைக்கும் நேரம், மூன்றும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

இன்னொரு கணக்கும் போடுவோம். பால் பற்கள் 20. ஆறு மாதத்தில் தொடங்கி இரண்டரை வயதுக்குள் அநேகமாக எல்லாம் வந்துவிடும். ஒரு பல் வெளிவருவதற்கு முன்னால் நான்கு நாள், வெளிவரும் நாள், பின்னால் மூன்று நாள் என்று பல்லுக்கு எட்டு நாள் வைத்தால் 160 நாள். இரண்டு வருடம் என்பது 730 நாள். சில பற்கள் ஜோடியாக வருவதைக் கழித்தாலும், ஏறக்குறைய ஐந்து நாளில் ஒரு நாள் குழந்தை பல் முளைக்கும் நாளில்தான் இருக்கிறது. இந்த வயதுக் குழந்தைக்கு வருடத்துக்கு ஆறேழு முறை சளி காய்ச்சல் வருவது சாதாரணம். அதில் ஒன்றிரண்டு பல்லோடு சேராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பல் வந்து காய்ச்சல் வராத நாள்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இதை நாள் கணக்காக எழுதிவைத்தே பார்த்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு வெளியான இரண்டு ஆய்வுகள். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 125 குழந்தைகளின் பெற்றோர் தினமும் வெப்பநிலையையும் மற்ற அறிகுறிகளையும் குறித்து வந்தார்கள். மொத்தம் 475 பற்கள். நான் இப்போது சொன்ன எட்டு நாள் அளவு அந்த ஆய்விலிருந்து எடுத்ததுதான். பல் வரும் நாள்களில் எச்சில் வடிதல், ஈறைத் தேய்த்தல், கடித்தல், சிணுங்கல், தூக்கக் கெடுதல், கெட்டியான உணவை மறுத்தல் கொஞ்சம் கூடின. உடல் சூடும் லேசாகக் கூடியது. ஆனால் 102 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சலுக்கும் பல்லுக்கும் தொடர்பு இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 21 குழந்தைகளை நாள்தோறும் பார்த்தார்கள், 90 பற்கள். அதில் வெப்பநிலைக்கும் பல்லுக்கும் தொடர்பே தென்படவில்லை. எல்லாம் முடிந்து பெற்றோரைக் கேட்டபோது, தங்கள் குழந்தை பல் முளைக்கையில் சிரமப்பட்டதாகத்தான் சொன்னார்கள். அன்றாடக் குறிப்பு ஒன்று சொல்கிறது, நினைவு வேறொன்று சொல்கிறது. 1992-இல் இஸ்ரேலில் 46 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு பல் வரும் நாளையொட்டிக் காய்ச்சல் கூடுவதாகச் சொன்னதும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். பல்லோடு வந்தது என்பது வேறு, பல்லால் வந்தது என்பது வேறு.

அப்புறம், ஆறு வயதில் கடைவாய்ப் பல் வருகிறது. பால் பல்லைவிட எவ்வளவோ பெரியது. அதற்குக் காய்ச்சல் வந்ததாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அப்படியானால் காரணம் தெரியாத காய்ச்சல் எதனால்? பெரும்பாலும் வைரஸ். அதில் ஒன்றை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்: ரோசியோலா. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் வரும். மூன்று நான்கு நாள் கடுமையாகக் காயும். வேறு அறிகுறி அதிகம் இருக்காது, குழந்தையும் ஓரளவு விளையாடும். காய்ச்சல் விட்டதும் உடம்பெல்லாம் இளஞ்சிவப்பாகப் பொரிப்பொரியாக வரும். இதற்குக் காரணம் எந்த வைரஸ் என்பதை 1988-இல் ஜப்பானில் கண்டறிந்தார்கள். ஈறு சிவந்து வீங்கி, வாயில் சின்னச் சின்னப் புண்களோடு குழந்தை எதையும் குடிக்க மறுத்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். வாய்க்குள்ளேயே நடப்பதால் பல் என்று ஏமாந்துபோவது இங்கே இன்னும் சுலபம்.

வைரஸ் என்றால் பெரும்பாலும் தானாகப் போய்விடும். போகாதது சிறுநீர்த் தொற்று. வெளிக்காரணம் தெரியாமல் காயும் கைக்குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பேருக்கு அதுதான். பெரியவர்கள் போல எரிகிறது என்று சொல்லக் குழந்தைக்குத் தெரியாது. காயும், அழும், பால் மறுக்கும், வாந்தி எடுக்கும், அவ்வளவுதான் அடையாளம். தாமதமானால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். ஆகவே, காரணம் தெரியாத காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீண்டால் "சிறுநீர் சோதிக்க வேண்டுமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி வீட்டில் என்ன செய்வது? முதலில் தெர்மாமீட்டர் வாங்குங்கள். நெற்றியில் புறங்கை வைத்துப் பார்ப்பது பாசம், அளவு இல்லை. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அதற்கு மேல் போனால் காய்ச்சல். அக்குளில் வைத்தால் உள்ளே இருப்பதைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த அளவு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். அதைவிடப் பெரிய குழந்தையானாலும், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தால், உச்சிக்குழி புடைத்தாலோ குழிவிழுந்தாலோ, வலிப்பு வந்தால், அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோன்றினால், பல மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால், அன்றைக்கே, அப்போதே. மூச்சையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40, அதைத் தொட்டாலே நிமோனியாவை நினைக்க வேண்டும். ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சலுக்கு மருத்துவர் வேறு நோய்களையும் தேடியாக வேண்டும்.

பாரசிட்டமால் எடைக்குத் தகுந்தபடி, மருத்துவர் சொன்ன அளவு மட்டும். சொட்டு மருந்தின் வீரியம் வேறு, சிரப்பின் வீரியம் வேறு. ஒன்றின் அளவை மற்றதற்குப் போடாதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. பல் வலிக்கு என்று ஈறில் தடவும் மரத்துப்போகும் ஜெல்லும் வேண்டாம். அதில் உள்ள பென்சோகெயின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமப்பதையே கெடுக்கக்கூடியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று எச்சரித்தது. ஈறு குறுகுறுக்கும் குழந்தைக்குக் குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள், அல்லது கழுவிய விரலால் ஈறை மெதுவாக அழுத்தி விடுங்கள். அது போதும்.

அந்த ஒன்பது மாதக் குழந்தையைப் பற்றி மிச்சமும் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபயாட்டிக் போட்ட மூன்றாம் நாள் காய்ச்சல் முழுதும் விட்டது. பத்து நாள் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது அவனுடைய அம்மா என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து ஒரு சின்னக் கரண்டியை எடுத்து அவன் கீழீறில் மெல்லத் தட்டிக் காட்டினார். டிக் என்று ஒரு சத்தம். முந்தின நாள்தான் வெளியே வந்ததாம். நான் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். 98.4.