யாழ்ப்பாணத்தில் ஒரு மரவீடு: கட்டையை அடுக்குவதா, நிமிர்த்தி நிறுத்துவதா?

[காட்சி: கைபேசித் திரையில், பனிக்கு நடுவே ஒரு மரவீடு. அடுத்து, வெயிலில் ஒரு பனங்காணி.]

நோர்வேயில் பல வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்த என் மாமா இந்தப் படத்தைக் காட்டி, "இப்படியே ஒண்டை எங்கட காணியில கட்டவேணும் தம்பி" என்றார். உருண்டைக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் வெட்டிக் கோத்த சுவர். பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது. அந்த ஆசையை எங்கள் மண்ணில் எப்படி வீடாக்கலாம் என்று பார்ப்போம்.

அந்தச் சுவர் குளிருக்காகப் பிறந்தது. அங்கே நேராக வளரும் பைன், ஸ்ப்ரூஸ் மரங்கள் தாராளம். தடித்த கட்டை அடுப்பின் சூட்டை வீட்டுக்குள்ளேயே பிடித்து வைக்கும். எங்களுக்குச் சித்திரை, வைகாசியில் இரவிலும் புழுக்கம். உள்ளே இருக்கிற சூடு வெளியே போகவேண்டும், காற்று ஊடாக ஓடவேண்டும். நாலு பக்கமும் கட்டையால் அடைத்த வீடு இதற்கு உதவாது.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. கட்டைச் சுவர் உயரத்தில் குறையும்.

[காட்சி: கட்டைச் சுவரின் வரைபடம். மேல் விளிம்பு மெல்ல இறங்குகிறது.]

மரம் காயும்போது தடிப்பில் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. கட்டைகளைப் படுக்கையாக அடுக்கினால் ஒவ்வொன்றின் சுருக்கமும் சேர்ந்து சுவரை இறக்கும். பச்சை மரத்தில் கட்டினால் ஒரு அடிக்கு முக்கால் அங்குலம் வரை இறங்கும் என்று கணக்குப் போடுவார்கள். எட்டு அடிச் சுவருக்கு ஆறு அங்குலம்! அதனால் யன்னல், கதவு நிலைகளுக்கு மேலே வெற்றிடம் விட்டு, அதைப் பலகையால் மறைக்கிறார்கள். நடுவில் நிற்கும் தூண் சுவரோடு சேர்ந்து இறங்காது. எனவே அதன் அடியில் திருகு ஜாக் வைத்து, வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூணைத் தாழ்த்துவார்கள். தண்ணீர்க் குழாயும் வளைந்து கொடுக்கிற மாதிரி இருக்கவேண்டும். இவை எல்லாம் வரைபடத்திலேயே வரவேண்டிய வேலை. கட்டிய பிறகு யோசித்தால் கதவு இறுகும், கண்ணாடி வெடிக்கும்.

சரி, எங்களிடம் பனை இருக்கிறதே, அதை அடுக்கலாமா? கூடாது. பைனில் வருட வளையம் இருக்கும், பனையில் கிடையாது. பனையின் பலம் வெளிப்பக்கத்துக் கறுத்த வைரத்தில்தான் இருக்கிறது. நடுப்பகுதி மெத்தென்று நாராக இருக்கும், ஈரம் பட்டால் முதலில் போவது அதுதான். முழுக்கட்டையாகப் படுக்கவைத்தால் அந்த நடுவையும் சேர்த்துச் சுவரில் வைத்ததாகிவிடும். எங்கள் முன்னோர் பனையைப் பிளந்து, நடுப்பகுதியைச் செதுக்கி எறிந்து, வைரத்தை மட்டும் சலாகையாக்கிக் கூரைக்குப் போட்டார்கள். பழைய வீடு பிரிக்கும்போது அந்தச் சலாகையைக் கழற்றிப் புதுக்கூரைக்குப் போடும் வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. மரத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட வேலையைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கும்.

ஆகவே மாமாவுக்கு நான் சொன்னது: கட்டையை அடுக்கவேண்டாம், நிமிர்த்தி நிறுத்துங்கள். தூணாக நிற்கும் மரம் உயரத்தில் சுருங்காது. பாரத்தைத் தூண்கள் தாங்கினால் சுவர்களைத் திறந்து விடலாம், யன்னலைப் பெரிதாக வைக்கலாம். நோர்வேயிலும் இதற்குச் சாட்சி உண்டு. 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஊர்னெஸ் மரத் தேவாலயம் நிமிர்த்திய மரங்களால் ஆனது. அந்த நாட்டில் மண்ணுக்குள் தூணை நட்டுக் கட்டிய பழைய தேவாலயங்கள் அடி உக்கிப் போய்விட்டன. கல்லின்மேல் மரத்தைத் தூக்கி வைத்துக் கட்டியவைதான் இன்றும் நிற்கின்றன.

எங்கள் ஆட்களும் மரத்தில் குறைந்தவர்கள் அல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அது வேப்பமரத்தில் செய்தது. கடலைத் தாங்கிய வேம்பு வீட்டையும் தாங்கும். தூணுக்கு வேம்பு, முதிரை, பாலை, கூரைக்குப் பனை. இதுதான் என் தெரிவு.

[காட்சி: காணியின் வரைபடம். திசைகளும் காற்றும் அம்புக்குறிகளாக.]

இனி வரையத் தொடங்கலாம். அறைகள் பிறகு, முதலில் தண்ணீர். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையின்போது காணியில் எதுவரை வெள்ளம் நின்றது என்று அயலவரிடம் கேளுங்கள். அத்திவாரம் அந்த மட்டத்துக்கு மேலே வரட்டும். தரைக்கும் மரத்துக்கும் இடையில் குறைந்தது ஒன்றரை அடி வேண்டும்.

வீட்டின் நீளப்பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். அப்போது காலை, மாலை வெயில் குறுகிய சுவர்களில்தான் விழும். சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வரும், அந்தப் பக்கம் யன்னல்கள். மாரி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், அந்தப் பக்கம் கூரை நன்றாக வெளியே நீளவேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். கூரை நீள நீள மரம் நனையாது, ஆனால் புயல் காற்று அதைக் கீழிருந்து தூக்கும். பழைய யாழ்ப்பாண வீடுகளில் இதற்கு விடை இருக்கிறது: விறாந்தை. கூரையின் நீட்டை வெளித்தூண்கள் பிடித்துக்கொள்ளும். கூடவே சலாகையிலிருந்து அதைத் தாங்கும் குறுக்குமரமான வளைக்கும், வளையிலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அத்திவாரத்துக்கும் இரும்புப் பட்டியால் தொடர்ச்சியாகக் கட்டவேண்டும். ஒரு இடத்தில் விட்டாலும் காற்று அந்த இடத்தில் கழற்றும். கடற்கரைப் பக்கமென்றால் துருப்பிடிக்காத உருக்குத்தான் வாங்கவேண்டும். உப்புக்காற்றில் சாதாரண ஆணி மரத்துக்கு முன்னமே போய்விடும்.

அடுத்தது கறையான். அது பெரும்பாலும் மண்ணிலிருந்து புற்றுக்குழாய் கட்டித்தான் ஏறும். அத்திவாரத்துக்கும் மரத்துக்கும் இடையில், வெளியே நீட்டி வளைத்த தகடு ஒன்றை வைத்தால் குழாய் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே வரவேண்டியிருக்கும், தட்டிவிடலாம். மரத்துக்குப் போரேட் என்ற உப்பைக் கரைத்துப் பூசலாம், கறையானுக்கு நல்ல மருந்து. ஆனால் மழையில் நனைந்தால் கரைந்து போகும், ஆகவே அதற்கும் விறாந்தைக் கூரை வேண்டும்.

அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாக: பனை தறிக்க அனுமதி எடுக்கவேண்டும், வெளியிலிருந்து மரம் ஏற்றிவரவும் பத்திரம் வேண்டும், வரைபடத்துக்கு உங்கள் பிரதேச சபையின் ஒப்புதல் வேண்டும். போரில் எத்தனையோ பனைகளை இழந்த மண் இது. ஒரு கூரைக்காகத் தறிக்கிற பனைகளுக்குப் பதிலாகக் காணி எல்லையில் பனங்கொட்டை புதையுங்கள், அதையும் வரைபடத்தில் குறியுங்கள்.

[காட்சி: கல்லின்மேல் நிற்கும் தூணின் அடி, மிக அருகில்.]

கடைசியாக, மரவேலை செய்யும் ஓடாவியாரோடு உட்கார்ந்து பேசவேண்டியது இந்த ஒரு இடத்தைப் பற்றி. தூணின் அடி வெட்டுமுகம்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும். அது தண்ணீர் தேங்காத கல்லின்மேல் நிற்கட்டும், வெட்டுமுகத்தை எண்ணெயாலோ பூச்சாலோ நன்றாக அடையுங்கள். என்றைக்காவது ஒரு தூணின் அடி உக்கினால், கூரையை ஜாக்கில் கொஞ்சம் உயர்த்தி அந்தத் துண்டை மட்டும் மாற்றக்கூடியதாக இணைப்பை அமைக்கச் சொல்லுங்கள். மாமாவின் வரைபடத்தில் பதினாறு தூண்கள். பதினாறுக்கும் அப்படித்தான் வரைந்திருக்கிறோம்.