படத்தின் பின்பக்கத்தில் அப்பா எழுதியது

சரி, அடுத்த கேள்வி வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கை அனுப்பியது. "அண்ணா, உங்களுக்குப் பின்னால் சுவரில் ஒரு முக்கோண நிழல் படம் மாட்டியிருக்கிறீர்களே, அது எங்கே எடுத்தது? சரிந்தும் மங்கியும் இருக்கிறது. உங்களிடம் எவ்வளவோ நல்ல படங்கள் இருக்கும்போது அதை ஏன் மாட்டினீர்கள்?" என்று கேட்கிறார். கூடவே இன்னொன்று: அம்மம்மாவின் ஆல்பத்தில் ஒன்றும் எழுதாத படங்கள் நிறைய இருக்கின்றனவாம், அவற்றை என்ன செய்யலாம் என்று.

அது சிவனொளிபாதமலை உச்சியிலிருந்து எடுத்தது. 1999 மாசி மாதம். எனக்கு அப்போது 17 வயது. நானும் அப்பாவும் கோட்டையிலிருந்து இரவு ரயிலில் ஹட்டன் போய், அங்கிருந்து பஸ்ஸில் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போனோம். நடுச்சாமம் தாண்டி ஏறத் தொடங்கினோம். படிகள் ஐயாயிரத்துக்கும் மேல். மேலே பார்த்தால் விளக்குகள் வரிசையாக வானத்துக்குள் போவதுபோல இருக்கும். உச்சியில் இருக்கும் பாதச் சுவட்டைப் பக்கத்தில் ஏறுகிறவர் சிவன் பாதம் என்பார், அவருக்குப் பின்னால் வருகிறவர் புத்தர் பாதம் என்பார், ஆதாம் பாதம் என்று ஏறுகிறவர்களும் உண்டு. குளிர் எல்லோருக்கும் ஒன்றுதான்.

விடியும்போது எல்லோரும் கிழக்கே சூரியனைப் பார்ப்பார்கள். நீங்கள் போனால் ஒரு நிமிடம் மேற்கே திரும்புங்கள். மலையின் நிழல் மூடுபனிமேல் முக்கோணமாக விழுந்திருக்கும். மலை கூம்பாக இருப்பதால்தான் நிழலும் அப்படி என்று நினைப்போம். உண்மையில் எந்த உயரமான மலையின் உச்சியில் நின்று பார்த்தாலும் நிழல் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். நிழல் பல மைல் நீள்கிறது. நேரே போகும் தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோலத் தெரியுமே, அதுபோல நிழலின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் போய்க் கூடுகின்றன. சூரியன் ஏற ஏற நிழல் மலையடிக்குச் சுருங்கி வந்துவிடும். சில நிமிடங்கள்தான்.

என்னிடம் இருந்தது பிலிம் கமரா. 36 படச் சுருளில் மூன்றோ நான்கோதான் மிச்சம். வெளிச்சம் குறைவு, கை நடுக்கம், பின்னால் கூட்டம் தள்ளுகிறது. அதனால்தான் படம் சரிந்தும் மங்கியும் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இருபது வருடமாக இந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கெல்லாம் நான் ஒரே கதையைத்தான் சொன்னேன்: "அப்பா பின்னால் நின்று என் தோளில் கை வைத்திருந்தார், நான் படம் எடுத்தேன்." அந்தக் கையின் சூடு இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. 2019-இல் பிரேமுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. கொழும்புக் காற்றின் ஈரம் உங்களுக்குத் தெரியும்தானே. பிரேமைக் கழற்றிப் படத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் நீலப் பேனாவால் அப்பாவின் எழுத்து:

"முழங்கால் விடவில்லை. சீத கங்குலவில் இருந்துவிட்டேன். தம்பி தனியே ஏறினான். இதை நான் பார்க்கவில்லை."

சீத கங்குல என்பது ஏறும் வழியில் வரும் குளிர்ந்த ஓடை. முகம் கழுவி, கால் நனைத்துவிட்டு மேலே போவார்கள். அப்பா அதற்குமேல் வரவேயில்லை. திரும்பி இறங்கியபோது அவர் கடையடியில் பிளேன்டீயோடு நின்றதும், "எப்படி இருந்தது?" என்று கேட்டதும் அதை வாசித்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தன. உச்சியில் என் தோளில் இருந்தது யாரோ ஒரு யாத்திரிகரின் கை. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. இதைக் கேட்க அப்போது அப்பா இல்லை. படத்தைச் சுவரில் மாட்டியிருப்பது முன்பக்கத்துக்காக இல்லை, தங்கச்சி. அந்த நாலு வரிக்காக.

மின்னேரியா யானைகள் படம் ஏன் மாட்டவில்லை என்றும் முன்பு சிலர் கேட்டார்கள். ஆவணி, புரட்டாதியில் குளத்து நீர் வற்றி, கரையில் புதுப் புல் முளைக்கும்போது அங்கே யானைகள் கூட்டமாக வரும். அது நல்ல படம்தான். ஆனால் சுற்றிவர ஜீப்புகள் நிற்க, முறை வந்ததும் எடுத்தது. அதற்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இன்னொரு படத்தைச் சொல்ல வேண்டும். 1990-இல் நின்றுபோன ரயில் 2014 ஐப்பசியில் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. அடுத்த தையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆனையிறவில் ஜன்னலுக்கு வெளியே கடல்நீரேரி வெள்ளித்தட்டு மாதிரி மினுங்கியது. எடுத்தேன். படத்தின் ஓரத்தில் அம்மாவின் கையும் இரண்டு வளையலும் வந்துவிட்டன. வெட்டி எடுத்தால் சுத்தமான நிலக்காட்சி. நான் வெட்டவில்லை. அந்த நேரம் அம்மா, "தண்ணி இவ்வளவு கிட்டவோ? நான் தூர எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றா. அன்றிரவே அதை அப்படியே எழுதி வைத்தேன்.

உங்கள் ஆல்பத்துக்கு வருவோம். ஒட்டியிருக்கும் படங்களைப் பிய்க்க வேண்டாம். இருக்கிறபடியே பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். பிரித்தெடுத்த படமென்றால் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பின்னால் எழுதுவதானால் குமிழ்முனைப் பேனாவை அழுத்தி எழுதாதீர்கள். தடம் முன்பக்கத்தில் எழும்பும். வழவழப்பான தாளில் பென்சிலும் பிடிக்காது. அழியாத மையுள்ள மெல்லிய முனைப் பேனாவால் ஓரத்தில் எழுதி, காயவிட்டு அடுக்குங்கள். போனில் எடுக்கிற படத்தில் நேரம் தானாகப் பதிவாகும், இட வசதியைப் போட்டிருந்தால் இடமும் பதிவாகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இரண்டும் கழன்றுவிடும், ஆவணமாக அனுப்பினால் நிற்கும்.

அம்மம்மாவோடு இருக்கும்போது போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, ஆல்பத்தை அவர் மடியில் வையுங்கள். "இது யார்?" என்று தொடங்கினால் பெயரோடு பேச்சு நின்றுவிடும். "இந்தப் படத்தை எடுத்தது யார்?" என்று கேளுங்கள். எடுத்தவர் படத்தில் இருக்க மாட்டார். அவரைத் தேடிக்கொண்டு அம்மம்மா அந்த நாளுக்குள் போய்விடுவார். யார் வரவில்லை, யார் வெளியே நின்றார் என்றும் கேளுங்கள். இரண்டு ஆட்கள் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், திருத்த வேண்டாம். ஒரு நாளைக்கு நாலைந்து படம் போதும், அவருக்குக் களைத்துவிடும். இந்தக் கிழமையே தொடங்குங்கள்.